சிறைக்குத் தெரிந்தது போலீசுக்கு ஏன் தெரிவதில்லை?

9 ஜூன் 2024, கேள்வி (தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் பீனிக்ஸ் பகுதி வாசகர்)

என் கடையில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தவன் இப்போது எங்கள் தெரு முனையில் நிற்கிறான். போன வாரம் சிகரெட் வாங்க என் கடைக்கே வந்தான். போலீஸ் நிலையத்துக்குப் போனால், "அவன் உள்ளே அல்லவா இருக்கிறான்?" என்று என்னையே கேட்கிறார்கள். சிறைக்குத் தொலைபேசியில் பேசினால், கைதியின் விவரத்தை வெளியாருக்குச் சொல்ல முடியாது என்கிறார்கள். சிறை, போலீஸ், நீதிமன்றம், மக்கள்தொகைப் பதிவேட்டை வைத்திருக்கும் உள்துறை நான்கையும் ஒரே கணினியில் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. வக்கீல் அலுவலகத்தில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு

தீராது.

டர்பனில் வக்கீல் அலுவலக எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜாமீன் கட்டுவது, சிறைக்குப் போய்க் கையெழுத்து வாங்குவது, தொலைந்த கோப்பைத் தேடுவது, இதுதான் என் பிழைப்பு. கணினி வருவதற்கு முன்பும் இவர்களுக்குள் தகவல் போய்க்கொண்டுதான் இருந்தது. விசாரணைக் கைதியைச் சிறை ஏற்க வேண்டுமானால் நீதிமன்றத்தின் ஜே7 ஆணை கூடவே வர வேண்டும். அதில் அடுத்த வாய்தாத் தேதி இருக்கும். தண்டனை விழுந்துவிட்டால் போலீசிடமிருந்து எஸ்ஏபி 62 என்ற படிவம் வரும், குற்றம் எப்படி நடந்தது என்ற விவரத்தோடு. முந்தைய தண்டனைகளின் பட்டியல் எஸ்ஏபி 69. இவற்றோடு நீதிபதி தண்டனை விதித்தபோது சொன்ன கருத்துரையும் சேர்ந்தால்தான் பரோல் வாரியம் கோப்பையே திறக்கும். தாளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

வந்த தாளைப் படித்து, "இதற்கு நான் பொறுப்பு" என்று சொல்லும் ஆளுக்குத்தான் பஞ்சம். ஒருவனை வெளியே விட்டதாக நிலையத்துக்குப் போன கடிதத்தின் நகலை எங்கள் கோப்புகளில் நான் பார்த்ததுண்டு. அதை யார் வாங்கினார், வாங்கி என்ன செய்தார் என்று ஒரு வரி இருக்காது.

10 ஜூன்

"தாளெல்லாம் அந்தக் காலம் ஐயா, கணினி வந்தால் வேறு" என்று எழுதிய சாட்ஸ்வர்த் தம்பிக்கு.

கணினி எப்போதோ வந்துவிட்டது. 1996இல் மண்டேலா அரசு தேசியக் குற்றத் தடுப்பு உத்தியை வெளியிட்டபோதே, போலீஸ், அரசு வழக்கறிஞர்கள், நீதிமன்றம், சிறை எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகக் கோக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஒருங்கிணைந்த நீதி அமைப்பு என்று ஒரு திட்டமே அதிலிருந்து பிறந்தது. அந்த ஆண்டு பிறந்த குழந்தைக்கு இன்று 28 வயது, கல்யாணம்கூட ஆகியிருக்கும். திட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். விரல் ரேகையை வைத்து ஆளை அடையாளம் காண்பதில் நல்ல முன்னேற்றம் உண்டு. ஆனால் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி அமைப்பு, தனித்தனி ஒப்பந்தக்காரர், தனித்தனி வரவு செலவு. ஒரே ஆளுக்குப் போலீசில் ஒரு வழக்கு எண், நீதிமன்றத்தில் ஒரு எண், சிறையில் ஒரு பதிவு எண். மூன்றும் ஒரே மனிதன்தான் என்பதைப் பல நேரம் எங்களைப் போன்ற எழுத்தர்கள்தான் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்தோம்.

12 ஜூன்

பெஸ்டர் வழக்கைப் பற்றி நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நானும் அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன்.

2022 மே 3ஆம் தேதி அதிகாலை. புளூம்ஃபொண்டேனில் மங்காவுங் சிறை. அரசுக்குச் சொந்தமான இடத்தை ஜி4எஸ் என்ற தனியார் நிறுவனம் நடத்திவந்தது. 35ஆம் எண் அறையில் தீ. உள்ளே கருகிய உடல். ஆயுள் தண்டனைக் கைதி தாபோ பெஸ்டர் தன்னைத்தானே கொளுத்திக்கொண்டு இறந்துவிட்டார் என்றார்கள். அவர் உயிரோடு தப்பிவிட்டார் என்பதைச் சிறைத்துறை ஒப்புக்கொண்டது 2023 மார்ச் 25ஆம் தேதி. ஏப்ரலில் தான்சானியாவின் அருஷாவில் பிடிபட்டார்.

இடைப்பட்ட ஏறத்தாழ பதினொரு மாதத்தில் யாரிடம் என்ன இருந்தது என்று வரிசையாகப் பாருங்கள். பிரேதப் பரிசோதனை, அறையில் கிடந்தவர் தீப்பிடிப்பதற்கு முன்பே இறந்திருந்தார், தலையில் பலமான அடி, புகையைச் சுவாசித்த அடையாளமே இல்லை என்று சொன்னது. அது போலீசின் கையில். அன்றிரவு யார் பணியில் இருந்தார்கள், கேமராவில் என்ன பதிவானது, என்ன பதிவாகவில்லை என்பது சிறையை நடத்திய நிறுவனத்திடம். சிறைக்குள் நடக்கும் எந்த மரணத்தையும் உடனே, சிறைகளைக் கண்காணிக்கும் ஆய்வு நீதிபதிக்கு அறிவிக்க வேண்டும் என்று சிறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்வதால், அப்போது அந்தப் பதவியில் இருந்த எட்வின் கேமரனின் அலுவலகத்தில் ஒரு கோப்பு. அவர்களுக்குச் சந்தேகம் வலுத்து, அமைச்சர் வரைக்கும் கொண்டுபோனார்கள். பெஸ்டரின் பெயரில் மக்கள்தொகைப் பதிவேட்டில் பதிவே இல்லை என்பது உள்துறைக்குத் தெரிந்த சங்கதி.

நான்கு துண்டு. நான்கு மேசை. சேர்த்துப் பார்த்தது ஒரு செய்தித் தளம். 2022 நவம்பரிலேயே கிரவுண்ட்அப் எழுதத் தொடங்கிவிட்டது. அந்த மாதங்களில் அந்த ஆள் ஜோகன்னஸ்பர்க்கில் பணக்காரர்கள் வாழும் ஹைட் பார்க்கில் வாடகை வீட்டில் சுகமாக இருந்தார்.

தம்பி சொல்லும் ஒரே கணினி அன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பெஸ்டர், இறந்தார், 3 மே 2022" என்று நான்கு திரையிலும் ஒரே நொடியில் வந்திருக்கும். பொய்க்கு நான்கு முத்திரை கிடைத்திருக்கும். இதைச் சற்று யோசித்துவிட்டு எனக்குப் பதில் எழுதுங்கள்.

12 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

மெரிபேங்க் அக்கா, "தனியாரிடம் கொடுத்ததால் வந்த வினை" என்கிறீர்கள். பாதிக்குப் பாதி ஒப்புக்கொள்கிறேன். நிறுவனத்துக்கு அபராதம், ஒப்பந்தம், பெயர் கெடுதல் என்று பயப்படப் பல இருக்கின்றன, பயந்தவன் பேச மாட்டான். ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கை தனியாரிடம் இல்லை. அது அரசாங்கத்தின் அலமாரியில்தான் இருந்தது.

13 ஜூன்

இரவெல்லாம் இதுதான் மண்டையில். நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். அந்த அறையில் கருகிக் கிடந்தவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. அவருடைய குடும்பம் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. காணாமல்போனவர்களின் பட்டியலும் அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியலும் ஒரே துறையின் இரண்டு இழுப்பறைகள். சிறைக்கும் போலீசுக்கும் இடையே பாலம் வேண்டும் என்று நாம் கத்துகிறோம். போலீசுக்கும் போலீசுக்கும் இடையே முதலில் ஒரு பலகையாவது போட வேண்டும்.

ஆய்வு நீதிபதி அலுவலகத்தைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு: ஆம், சிறைகளைக் கண்காணிக்கும் அந்த அலுவலகம் தன் பணத்துக்கே சிறைத்துறையை நம்பியிருந்தது. போதுமான சுதந்திரம் அதற்கு இல்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கண்காணிக்கப்படுகிறவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு கண்காணிப்பது எப்படி இருக்கும் என்று மருமகள்களைக் கேளுங்கள்.

17 ஜூன்

விடுமுறை நாள். வெளியே மழை இல்லை, குளிர் மட்டும். நீளமாக எழுதப்போகிறேன், பொறுமை இல்லாதவர்கள் அடுத்த குறிப்புக்குப் போய்விடலாம்.

பீனிக்ஸ் வாசகரின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தகவல் வேகமாகப் போனதால் வந்த வேதனையை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் தங்கை மகன். கார் திருட்டு வழக்கில் நான்கு பையன்களோடு சேர்த்துப் பிடித்தார்கள். ஜாமீன் கிடைத்தது, பணமும் கட்டியாயிற்று. மாலையில் சிறை வாசலில் நிற்கிறோம், பையன் வரவில்லை. அவன் பெயரில் வேறு ஊரில் ஒரு பிடி ஆணை நிலுவையில் இருக்கிறதாம், திரையில் காட்டுகிறதாம், விட முடியாதாம். எந்த ஊர்? கிழக்கு கேப் மாநிலத்து ஈஸ்ட் லண்டன் பக்கம். எங்கள் பையன் வடக்கே துகேலா ஆற்றையும் தாண்டியதில்லை, தெற்கே மார்கேட் கடற்கரையையும் தாண்டியதில்லை.

அது வேறொரு ஆள். அதே குடும்பப் பெயர், அதே முதலெழுத்துகள். பிறந்த ஆண்டு வேறு. நம்மவர்களின் பெயர்க் கதை உங்களுக்குத் தெரியாததா? 1860இலிருந்து 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து இறங்கினார்கள். இறங்கியவரின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். தாத்தாவின் பெயர் பேரன்களுக்குக் குடும்பப் பெயர் ஆயிற்று. முனுசாமி ஒருவரே நான்கைந்து எழுத்துக்கூட்டலில் இருக்கிறார். ஒரே எழுத்துக்கூட்டலில் நானூறு முனுசாமியும் இருக்கிறார். நாயுடு, பிள்ளை, ரெட்டி, செட்டி இவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெயரை மட்டும் வைத்துத் தேடும் எந்தக் கணினியும் டர்பனில் குழம்பத்தான் செய்யும்.

ரேகையை ஒப்பிட்டால் ஐந்து நிமிட வேலை. ஆனால் ரேகையை ஒப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டியவர் யார்? சிறை அதிகாரி, "ஆணை போலீசுடையது, அவர்கள் எடுத்தால்தான்" என்றார். இங்கிருந்த புலனாய்வாளர், "அது எங்கள் வழக்கே இல்லை" என்றார். அந்த ஊர் நிலையத்தில் தொலைபேசியை எடுத்தவர், வழக்குக் கோப்பு நீதிமன்றத்தில் இருக்கிறது என்றார். தகவல் அனைவரிடமும் சரியாகப் பகிரப்பட்டிருந்தது, பாருங்கள்! மூன்று பேருடைய திரையிலும் அதே தவறு. பல வாரங்கள் கழித்து, எங்கள் வக்கீல் உயர் நீதிமன்றத்துக்குப் போவேன் என்று மிரட்டியபின் பையன் வெளியே வந்தான். கார் திருட்டு வழக்கையும் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவன் வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் அந்தப் பழைய ஆணை மறுபடியும் தலைகாட்டியது. வேலை வேறொருவனுக்குப் போயிற்று.

என் தங்கை அந்த வாரங்களில் மாரியம்மனுக்கு வேண்டாத வேண்டுதல் இல்லை. சிறைக்கும் போலீசுக்கும் நடுவே தகவல் போகக் கூடாது என்பது அவளுடைய முடிவு. அவளிடம் வாதாட எனக்குத் தைரியம் கிடையாது.

18 ஜூன்

"அப்படியானால் பகிரவே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. யார் அனுப்பினார், யார் வாங்கினார், தவறென்று தெரிந்தால் யார் திருத்துவார், இந்த மூன்று பெயரும் இல்லாமல் அனுப்பாதே என்கிறேன். அவ்வளவுதான்.

20 ஜூன்

நேற்று ஒருவர் எனக்குக் "குற்றவாளிகளின் வக்கீல்" என்று பட்டம் சூட்டியிருக்கிறார். வக்கீலே இல்லை ஐயா, எழுத்தர்தான்.

அவர் எழுதியதில் ஒரு வரி மட்டும் பதிலுக்கு உகந்தது: "ஒளிக்க ஒன்றுமில்லாதவன் ரேகை கொடுக்க ஏன் பயப்பட வேண்டும்?" இதை ஒரு தென்னாப்பிரிக்கத் தமிழர் எழுதியிருக்கிறார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. கரும்புத் தோட்டத்தில் ஒவ்வொரு கூலியாளுக்கும் ஒரு எண் இருந்தது. சீட்டு இல்லாமல் தோட்ட எல்லையைத் தாண்டினால் போலீஸ் பிடிக்கும், நீதிமன்றம் தண்டிக்கும், சிறை முடிந்ததும் அதே தோட்டத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். தோட்ட முதலாளி, போலீஸ், நீதிபதி, சிறை, நால்வருக்கும் இடையே தகவல் தடையில்லாமல் ஓடியது. 1906இல் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லாரும் பத்து விரல் ரேகையும் கொடுத்துப் பதிய வேண்டும், கேட்டபோது அந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று அவசரச் சட்டம் வந்தது. அதை எதிர்த்துத் தொடங்கிய போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் எத்தனை என்பது காந்தியே வியந்து எழுதிய விஷயம். அந்தப் போராட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் இறந்தாள். பதினாறு வயதுப் பெண். கறுப்பின மக்களுக்குப் பாஸ் புத்தகம் 1986 வரை இருந்தது.

இன்றைய சட்டத்தை அதோடு ஒப்பிடவில்லை. இன்று அரசியலமைப்பு இருக்கிறது, வாக்கு இருக்கிறது. 2010இல் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்த ரேகைச் சட்டம், உள்துறையிடமும் வாகன உரிமத் துறையிடமும் உள்ள ரேகைகளோடு ஒப்பிடப் போலீசுக்கு வழி திறந்தது. அதனால் பிடிபட்ட கொலைகாரர்களும் உண்டு, பெயர் கிடைத்த அநாதைப் பிணங்களும் உண்டு. நானே அதை ஆதரிப்பவன். ஆனால் வாகன உரிமத்துக்கு நான் கொடுத்த ரேகை வேறெங்கே போகிறது என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. கேட்டால் குற்றவாளியின் பக்கம் என்று ஆகிவிடாது.

23 ஜூன்

மரபணுச் சட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிறையும் போலீசும் கைகோத்துச் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சட்டமே நாள் குறித்துக் கொடுத்தது, இருந்தும் எப்படிக் கோட்டைவிட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2013ஆம் ஆண்டின் 37ஆம் எண் சட்டம் 2015 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்தது. கொலை, வல்லுறவு, கொள்ளை போன்ற கடுங்குற்றங்களுக்காகத் தண்டனை பெற்று உள்ளே இருக்கும் அனைவரிடமும் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி எடுத்துவிட வேண்டும். எடுக்க வேண்டியது போலீஸ், ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியது சிறை. கெடு இரண்டு ஆண்டு. 2017 ஜனவரி 31இல் கெடு முடிந்தது, வேலை முடியவில்லை. சிலர் வாயைத் திறக்க மறுத்தார்கள், மறுத்தவர்களை என்ன செய்வதென்று சட்டத்தில் தெளிவு இல்லை. கெடு முடிந்ததால் அதற்குப் பிறகு எடுக்க அதிகாரமும் இல்லை. மாதிரி கொடுக்காமலே ஆட்கள் தண்டனை முடிந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். திருத்தச் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டது 2023இல். இப்போது மறுப்பவரிடம் குறைந்தபட்ச பலத்தைப் பயன்படுத்தி எடுக்கலாம்.

எடுத்த மாதிரியாவது உடனே பரிசோதிக்கப்பட்டதா? 2021இல் போலீஸ் ஆய்வகங்களில் தேங்கிய மாதிரிகள் 2 லட்சத்துக்கு மேல். நம் குவாசுலு-நேட்டால் மாநிலத்துக்கென்று அமான்ஸிம்டோட்டியில் இருந்த ஆய்வகத்தை 2022 ஏப்ரல் வெள்ளம் கெடுத்துவிட்டது. இதில் யாரைத் திட்டுவது? மழையையா?

பெருந்தொற்றின்போது, 2020 மே மாதம், நெரிசலைக் குறைக்க 1,55,000 கைதிகளில் சுமார் 19,000 பேரைப் பரோலில் அனுப்பலாம் என்று அதிபர் அறிவித்தார். அப்படித் திடீரென்று கதவு திறக்கும் நாளுக்காகத்தான் இந்த வேலையை முன்பே முடித்திருக்க வேண்டும்.

1 ஜூலை

நேற்றிரவு கூட்டணி அரசின் அமைச்சரவையை அறிவித்துவிட்டார்கள். இதுவரை நீதியும் சிறையும் ஒரே அமைச்சரின் கீழ் இருந்தன. இப்போது பிரித்துவிட்டார்கள். சிறைத்துறை சுதந்திர முன்னணியின் பீட்டர் குரூனவால்டுக்கு. உள்துறை ஜனநாயகக் கூட்டணியின் லியோன் ஷ்ரைபருக்கு. போலீஸ் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் சென்சோ மசூனுவுக்கு. ஒரே கட்சியில் இருந்தபோதே தொலைபேசியை எடுக்காதவர்கள். இனி மூன்று கட்சி.

சாட்ஸ்வர்த் தம்பி, உங்கள் ஒரே கணினிக்கு இப்போது மூன்று கடவுச்சொல் வேண்டும்.

2 ஜூலை

சிரித்தாயிற்று. நிதானமாக யோசித்தால் இதில் நன்மையும் இருக்கலாம். ஒரே கட்சி என்றால் ஒருவர் தவற்றை இன்னொருவர் மூடிவைப்பார். எதிரெதிர்க் கட்சி என்றால், "நான் அனுப்பினேன், அவர் பார்க்கவில்லை" என்று சொல்வதற்காகவாவது தேதி போட்டு எழுதிவைப்பார்கள். நாட்டின் பாதிக் கோப்புகள் அடுத்தவரை மாட்டிவிடும் ஆசையால்தான் ஒழுங்காக இருக்கின்றன.

9 ஜூலை

மெரிபேங்க் அக்கா கைபேசியைப் பற்றிக் கேட்டிருந்தார்: உள்ளே இருந்தபடியே மிரட்டிப் பணம் கேட்கிறார்களே, அதை ஏன் தடுக்க முடியவில்லை என்று.

சிறைக்குள் கைபேசி வைத்திருப்பது தடை. உள்ளே போவது வார்டர் கையாலோ, சுவருக்கு மேலிருந்தோ, சாப்பாட்டுக்குள்ளோ. சிம் அட்டையை அடையாள எண்ணோடு பதிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் முன்பதிவு செய்த சிம்மைத் தெருவில் விற்பவரை நீங்களும் நானும் தினமும் பார்க்கிறோம். சிறையில் சோதனை போட்டுக் கைப்பற்றிய கருவியில் யார் யாருடன் பேசினார் என்பது இருக்கும். அதை ஆதாரமாகப் போலீசுக்குக் கொடுத்தால் வெளியே இருக்கும் கூட்டாளி பிடிபடுவான். சிறையோ அதை ஒழுங்கு மீறலாகப் பார்த்து, கைதியின் சலுகையைப் பறித்து, கருவியை நொறுக்கிவிட்டு, சோதனை வெற்றி என்று புகைப்படம் வெளியிடும். நொறுக்கும் புகைப்படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவற்றைப் பார்த்தால் வயிறு எரியும், உடைந்து கிடப்பதெல்லாம் யாரோ ஒருவருடைய வழக்கின் சாட்சி.

கும்பல் விஷயமும் இப்படியே. 26, 27, 28 என்று எண்களையே பெயராகக் கொண்ட சிறைக் கும்பல்களில் யார் எந்தப் படிநிலையில் இருக்கிறார் என்பது அந்தப் பிரிவில் பத்து ஆண்டு வேலை பார்த்த வார்டருக்குத் தன் பிள்ளைகள் பெயர் போலத் தெரியும். அவர் ஓய்வு பெறும் நாளில் அந்த அறிவும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. எழுதிக் கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் எழுதிக் கொடுப்பாரா? அவரும் அதே பகுதியில்தான் குடியிருக்கிறார். அவர் பிள்ளைகளும் அதே பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போகின்றன.

10 ஜூலை

கைதிகள் எல்லாருடைய அழைப்பையும் ஒட்டுக்கேட்டுவிட்டால் என்ன என்று கேட்ட நண்பருக்கு: சட்டப்படி ஒட்டுக்கேட்கப் பொதுவாக நீதிபதியின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டமே குறையுள்ளது என்று 2021 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பிறகாவது தெரிவிக்க வழியில்லை என்பது ஒரு காரணம். கைதி தன் வக்கீலோடு பேசுவதும் அந்த அழைப்புகளில் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

21 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. கோயிலில் கூழ் ஊற்றும் வேலை, கை வலிக்க அடுப்பில் கிண்டிவிட்டு வருகிறேன். அதனால்தான் தாமதம்.

பீனிக்ஸ் வாசகர் தனியாக எழுதியிருந்தார், இங்கே சொல்லச் சம்மதமும் கொடுத்தார். பரோல் அலுவலகத்துக்கு வழக்கு எண்ணோடு நேரில் போயிருக்கிறார். அந்த ஆள் பரோலிலேயே இல்லை. தண்டனைக் காலம் முழுதும் முடிந்து வெளியே வந்தவன். கண்காணிப்பும் கிடையாது, மாலைக்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடும் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவன் சிகரெட் வாங்க வந்த வாடிக்கையாளர்.

வாசகருக்கு இது ஆறுதல் இல்லை என்று தெரியும். ஆனால் பரோலாக இருந்திருந்தால் அவருக்கு ஒரு வழி இருந்திருக்கும், மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கொலை, வல்லுறவு, துப்பாக்கி காட்டிக் கொள்ளை போன்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவருக்குப் பரோல் வாரியத்தின் முன் பேசவோ எழுதவோ உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம், 299ஏ பிரிவு. தண்டனை விதிக்கும் நாளில் நீதிமன்றத்தில் இருந்தால் அங்கேயே சொல்வார்கள். ஆனால் எனக்கு அறிவியுங்கள் என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், வீடு மாறினால் புதிய முகவரியையும் நீங்களே கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாளன்று அழுதுகொண்டிருக்கும் குடும்பத்துக்கு இது காதில் விழுவதில்லை. என் மூத்த அண்ணன் கடையில் கொள்ளை நடந்து அவர் சுடப்பட்டபோது அண்ணிக்கும் விழவில்லை. பின்னால் அவர்கள் டோங்காட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள், வாரியத்தின் கடிதம் பழைய வீட்டுக்குப் போயிற்று. அந்த வீட்டில் இருந்தவர்கள் நல்லவர்கள், கடிதத்தைப் பத்திரமாக இழுப்பறையில் வைத்திருந்தார்கள். விசாரணை முடிந்து அவன் வெளியே வந்தபின்தான் அது அண்ணி கைக்கு வந்தது.

22 ஜூலை

மாரிட்ஸ்பர்க் நண்பரின் கேள்விதான் இத்தனை நாளில் வந்தவற்றில் கடினமானது: கைதியே போலீசுக்குத் தகவல் கொடுக்க விரும்பினால்?

எங்கள் வக்கீல் வாதாடிய கட்சிக்காரர் ஒருவர் அப்படி இருந்தார். வெளியே நடந்த ஒரு கொலையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது. சொல்ல விரும்பினார். மனசாட்சி பாதி, தண்டனை குறையுமோ என்ற நப்பாசை பாதி. விசாரணைக் கைதியைப் போலீஸ் நினைத்தபோது வெளியே கூட்டிப் போக முடியாது. சிறைச் சட்டத்தின் 49எஃப் பிரிவின்படி சிறைத்துறையின் ஆணையர் அனுமதிக்க வேண்டும், அதுவும் ஏழு நாளுக்கு மேல் இல்லை. பழைய ஆட்சியில் போலீஸ் கைக்குப் போன கைதிகளின் கதி தெரிந்தவர்கள் எழுதிய பிரிவு என்று நினைக்கிறேன், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அனுமதிக் கடிதம் எத்தனை மேசையைத் தாண்டி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வாய். அவரைச் சிறைக்குள்ளேயே வந்து பார்க்கலாம் என்றால், வந்தவர் துப்பறிவாளர் என்பது வருகையாளர் அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடையிலேயே தெரிந்துவிடும். மாலைக்குள் பிரிவு முழுக்க "இம்பிம்பி", அதாவது காட்டிக்கொடுப்பவன், என்ற சொல் சுற்றிவிடும். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டவர் இரவில் தூங்குவதில்லை.

கடைசியில் எங்கள் வக்கீல்தான் தகவலைக் கொண்டுபோனார். வழக்கமான வழக்குச் சந்திப்பு போல உள்ளே போய், கேட்டுக்கொண்டு வந்து, ஒரு மூத்த புலனாய்வாளரின் கையில் நேரில் கொடுத்தார். தாளில் கைதியின் பெயர் இல்லை. வாங்கிக்கொண்டவரைத் தன் பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். புலனாய்வாளர் முதலில் முறைத்தார், பிறகு போட்டார். அந்தக் கொலை வழக்கில் ஆள் பிடிபட்டான். எங்கள் கட்சிக்காரருக்குத் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையவில்லை, ஏனென்றால் உதவியது அவர்தான் என்று எந்தக் கோப்பிலும் இல்லை.

இருந்திருக்க வேண்டுமா என்று நண்பர் கேட்கிறார். கட்சிக்காரரிடமே அன்று கேட்டேன். வேண்டாம் என்றார்.